ஆங்கிலத்தில் கோபப்படுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயங்காலம் 6 மணிக்கு மேல் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் மருந்துக்கடைக்காரர் உண்டு, ஐ.டி. கம்பெனிப் பெண்கள் உண்டு, வெளிநாட்டு மருமகளோடு பேசுவதற்காகவே வரும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரும் உண்டு. சட்டென்று பொங்கும் கோபத்தைச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர்களை எடுக்கும் நாளில் மட்டும் ஒருவரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அந்த வகுப்புகளில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

கோபமாக இருக்கும்போதே இந்தத் தொடர்களைச் சொல்லலாமா?

பெரும்பாலும் கூடாது. மற்றக் குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'ஹிட் தி ரூஃப்' (கூரையில் முட்டுவது), 'ப்ளோ ஒன்ஸ் டாப்' (தலையின் மூடி பறப்பது), 'ஸீ ரெட்' (கண்ணில் சிவப்பு தெரிவது) எல்லாம் கோபம் ஆறிய பிறகு, அல்லது அடுத்தவர் கோபத்தைப் பற்றி, கதையாகச் சொல்ல உதவுபவை. தமிழிலேயே யோசித்துப் பாருங்கள். சண்டையின் நடுவில் நின்றுகொண்டு "நான் இப்போது வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கிறேன்" என்று யாராவது சொல்வார்களா? மறுநாள் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து "மனுஷன் வானத்துக்கும் பூமிக்குமா குதிச்சாரே!" என்போம். அதில் லேசான கேலியும் இருக்கும். ஆங்கிலத்திலும் அப்படியேதான்.

என் மாணவர் ஒருவர் புது ஃப்ரிட்ஜ் வாங்கினார். மூன்று முறை மெக்கானிக் வந்து போயும் குளிரவில்லை. கம்பெனிக்கு எழுதிய புகார் கடிதத்தை அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். முதல் பத்தியிலேயே கூரையில் முட்டியிருந்தார், கண் சிவந்திருந்தார், தலைமூடி பறந்திருந்தது. மூன்றும் ஒரே வாக்கியத்தில். படிக்கிறவருக்குச் சிரிப்புதான் வரும், பயம் வராது. மூன்றையும் அடித்துவிட்டு வாங்கிய தேதி, மெக்கானிக் வந்த மூன்று தேதிகள், 'திஸ் இஸ் அன்அக்செப்டபிள்', இத்தனாம் தேதிக்குள் மாற்றித் தரவேண்டும் என்று மட்டும் எழுதச் சொன்னேன். ஆங்கிலத்தில் குளிர்ந்த வாக்கியம்தான் அதிகம் சுடும்.

விலக்கு ஒன்று உண்டு: 'இட் மேக்ஸ் மை பிளட் பாய்ல்'. நம் 'ரத்தம் கொதிக்கிறது' அப்படியே அதுதான். அநியாயத்தைக் கண்டு வரும் கோபத்துக்கு இதை நிகழ்காலத்திலேயே, தன்னைப் பற்றியே சொல்லலாம். ஆனால் காபியில் சர்க்கரை குறைந்ததற்கெல்லாம் ரத்தத்தைக் கொதிக்க வைக்க வேண்டாம்.

'ஹிட் தி ரூஃப்', 'கோ த்ரூ தி ரூஃப்', 'ரெய்ஸ் தி ரூஃப்' மூன்றும் ஒன்றுதானே?

கூரைதான் ஒன்று. 'ஹிட் தி ரூஃப்' என்றால் ஆள் கோபத்தில் துள்ளிக் குதித்துக் கூரையில் முட்டுகிறார். 'ஹிட் தி சீலிங்' என்றாலும் அதே. 'கோ த்ரூ தி ரூஃப்' கூரையைப் பிய்த்துக்கொண்டு போவது. இது மனிதர்களுக்கும் பொருந்தும், வெங்காய விலைக்கும் பொருந்தும். 'தி பிரைஸ் ஹிட் தி ரூஃப்' என்று எழுதினால் மட்டும் காதுக்கு ஒட்டாது.

'ரெய்ஸ் தி ரூஃப்' முற்றிலும் வேறு. அது ஆரவாரம். பாட்டுக் கச்சேரியில் கைதட்டல் விண்ணைப் பிளந்தது, அரங்கம் அதிர்ந்தது என்போமே, அது. 'பிரிங் தி ஹவுஸ் டவுன்' என்பதும் கைதட்டல் கணக்குதான். தன் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் 'ஹிட் தி ரூஃப்' செய்ததாக ஒரு அம்மா பெருமையோடு எழுதிக்கொண்டு வந்தார். பாவம், அந்தப் பெண் அப்படி என்ன ஆடிவிட்டாள் என்று நினைப்பார்கள்.

'ப்ளோ எ ஃபியூஸ்' என்பது நம் 'ஃபியூஸ் போச்சு'தானே?

இல்லை. நேர் எதிர் என்றே சொல்லலாம். தமிழில் ஒருவருக்கு 'ஃபியூஸ் போயிடுச்சு' என்றால் சக்தி தீர்ந்துவிட்டது, ஆள் அணைந்துவிட்டார், சில சமயம் ஆளே போய்விட்டார் என்று அர்த்தம். விளக்கு அணைந்ததை நாம் பார்க்கிறோம். ஆங்கிலக்காரர் அதற்கு முந்தைய நொடியைப் பார்க்கிறார்: கம்பி தாங்காத அளவு மின்சாரம் பாய்ந்து, படீர் என்று பொறி பறக்கிறதே, அந்த நொடியை. அதனால் அங்கே அது கோப வெடிப்பு. 'மை பாஸ் ப்ளூ எ ஃபியூஸ்' என்று எழுதிய ஐ.டி. பெண், மேலாளர் மிகவும் களைத்துவிட்டார் என்று சொல்ல வந்தாராம்.

இன்னொரு சிக்கலும் இங்கே இருக்கிறது. 'ஷார்ட் ஃபியூஸ்' என்பதில் வரும் ஃபியூஸ் வீட்டு மின்பெட்டியில் இருப்பது அல்ல, வெடியின் திரி. தீபாவளிக்குக் குட்டைத் திரி வெடியைப் பற்றவைத்துவிட்டு ஓடியவருக்கு விளக்கம் தேவையில்லை: கை எடுப்பதற்குள் வெடிக்கும். 'ஹி ஹேஸ் எ ஷார்ட் ஃபியூஸ்' என்றால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். முதல் தொடர் ஒரு சம்பவம், இரண்டாவது ஒருவருடைய சுபாவம்.

'ப்ளோ எ கேஸ்கட்' என்பதை எந்த ஒர்க்‌ஷாப் பையனும் புரிந்துகொள்வான். எஞ்சினின் இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவு இல்லாமல் இருக்க வைக்கும் தகடு, அழுத்தம் தாங்காமல் பிய்த்துக்கொள்வது. 'ஃப்ளிப் ஒன்ஸ் லிட்' மூடி தெறிப்பது. கவனித்தால் தெரியும், இந்தக் கோபங்கள் எல்லாம் அடைத்துவைத்த ஒன்று அழுத்தம் ஏறி வெடிப்பவை. கொதிகலனும் எஞ்சினும் பெருகிய காலத்து மொழி. நம் கோபத்துக்கு இயந்திரம் தேவைப்படவில்லை. அது பொங்கும், தலைக்கேறும், கண்ணில் தீப்பொறியாகப் பறக்கும். 'லெட் ஆஃப் ஸ்டீம்' மட்டும் வெடிக்காமல் தப்பிப்பது: குக்கர் விசில் மாதிரி கொஞ்சம் ஆவியை வெளியே விட்டு ஆறுவது. அதில் யாருக்கும் சேதமில்லை.

'ஃப்ளை ஆஃப் தி ஹேண்டில்' எந்த ஹேண்டில்? பைக்கா?

எல்லா வகுப்பிலும் பைக்தான் முதல் பதில். இது கோடாலி. 19ஆம் நூற்றாண்டு வட அமெரிக்காவில் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் கையில் எப்போதும் இருந்த பொருள். மரக்காம்பு வெயிலில் காய்ந்தால் சுருங்கும், இரும்புத் தலை ஆடத் தொடங்கும். நம் ஊரில் விறகு வெட்டுகிறவர்கள் அதற்காகவே கோடாலியைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். மரம் ஊறிப் பருத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படியும் ஆடினால் காம்பின் நுனியில் ஒரு ஆப்பை அடித்து இறுக்குவார்கள். இதையெல்லாம் செய்யாமல் ஓங்கினால் தலை காம்பை விட்டுப் பறக்கும். யார் மேல் போய் விழும் என்று வெட்டுகிறவருக்கே தெரியாது.

பிரயோகம் முழுக்க அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்தக் கோபம் அளவுக்கு மீறியது, சம்பந்தமில்லாதவர் மேலும் விழுவது, பிழை கோபப்பட்டவருடையது. அதனால் நியாயமான கோபத்துக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. "நிலத்தைப் பறிகொடுத்த விவசாயி 'ஃப்ளூ ஆஃப் தி ஹேண்டில்'" என்று எழுதினால் விவசாயியைக் குறை சொல்வதாக ஆகிவிடும். 'டோன்ட் ஃப்ளை ஆஃப் தி ஹேண்டில், பட்...' என்று கெட்ட செய்திக்கு முன்னுரையாகச் சொல்வதும் உண்டு: "கோபப்படாம கேளுங்க, வந்து..."

'ஸீ ரெட்' என்பது காளைச் சண்டையில் இருந்து வந்ததா?

அப்படித்தான் பரவலாகச் சொல்கிறார்கள். ஆனால் மாட்டுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. நமக்கு மூன்று வகை நிற உணர்வுக் கூம்புகள் கண்ணில் உண்டு, மாட்டுக்கு இரண்டுதான். ஸ்பெயினில் காளை பாய்வது துணியின் அசைவைப் பார்த்து. அந்தச் சிவப்புத் துணியும் சண்டையின் கடைசிக் கட்டத்தில்தான் வெளியே வரும். அதற்கு முன் வீசுவது ஊதா கலந்த ரோஸும் மஞ்சளுமான பெரிய துணி. காளை அதற்கும் அதே வேகத்தில்தான் பாய்கிறது.

தொடர் எங்கிருந்து வந்திருந்தாலும் சரி, 'ஐ ஸா ரெட்' என்று எழுதுங்கள், நடுவில் 'தி' வேண்டாம். 'இன் தி ரெட்' என்று ஆகிவிட்டால் கோபம் போய்க் கடன் வந்துவிடும். 'ரெட் ராக் டு எ புல்' என்பது ஒருவரைச் சீண்டிக் கிளப்பிவிடும் விஷயம். 'ரெட் ஃப்ளாக்' என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் எச்சரிக்கை அறிகுறிதான்.

கோபத்தின் நிறம் எப்போதும் சிவப்பும் இல்லை. 'லிவிட்' என்றால் கடுங்கோபம். அதன் லத்தீன் மூலம் அடிபட்டுக் கன்றிப்போன நீலத்தைச் சொல்வது.

'அவுட்ரேஜ்' என்றால் 'ரேஜ்' வெளியே வருவதா?

என் வகுப்பில் நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது: 'அவுட்' என்றால் வெளியே, 'ரேஜ்' என்றால் வெறி. ஆனால் இந்தச் சொல்லை அங்கே வெட்டவே கூடாது. பழைய பிரெஞ்சில் 'அப்பால்' என்று பொருள்படும் 'ஊத்ர' என்ற சொல்லோடு, 'பேகேஜ்', 'மேரேஜ்' ஆகியவற்றில் வருகிற அதே 'ஏஜ்' விகுதி சேர்ந்தது. அதாவது எல்லைக்கு அப்பால் போவது, வரம்பு மீறல். கோபம் அதற்குள் பிறகு வந்து குடியேறியது.

இது தெரிந்தால் ஒரு பழைய குழப்பம் தீரும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 74ஆம் பிரிவு, 'அவுட்ரேஜ் ஹர் மாடஸ்டி' என்கிறது. நாளிதழ்களில் 'மானபங்கம்' என்று வருவது இதுதான். அங்கே யாரும் கோபப்படவில்லை. ஒரு பெண்ணின் மானத்தின் மீது வரம்பு மீறியிருக்கிறார்கள். 'அவுட்ரேஜஸ் பிரைஸ்' என்றால் கோபமான விலை இல்லை, அநியாய விலை.

இன்றைய ஆங்கிலத்தில் 'அவுட்ரேஜ்' செயலுக்கும் பெயர், அந்தச் செயல் கிளப்பும் ஆவேசத்துக்கும் பெயர். 'ஸ்பார்க்ட் அவுட்ரேஜ்' என்று செய்தியில் வந்தால் பலருடைய தார்மீகக் கோபம். மாமியார் மருமகள் சண்டைக்கு இவ்வளவு கனமான சொல் தேவையில்லை.

ஊரே கோபப்பட்டால்?

'அப் இன் ஆர்ம்ஸ்'. இங்கே 'ஆர்ம்ஸ்' கைகள் அல்ல, ஆயுதங்கள். நம் பத்திரிகைகளின் 'போர்க்கொடி தூக்கினர்' கிட்டத்தட்ட அச்சு அசல் மொழிபெயர்ப்பு. சொத்து வரி ஏற்றியதும் குடியிருப்போர் சங்கம் 'அப் இன் ஆர்ம்ஸ்'. தலைப்புகளில் வரும் 'ஸ்லாம்ஸ்' பற்றியும் கேட்கிறார்கள். அது அடிதடி அல்ல, 'சாடினார்'. குட்டைச் சொல் என்பதால் தலைப்பில் இடம் மிச்சம், அவ்வளவுதான்.

'ஆங்க்ரி ஆன் மி' தவறா?

தவறு. 'என் மேல் கோபம்' என்பதில் வரும் 'மேல்' நம்மை 'ஆன்' பக்கம் தள்ளிவிடுகிறது. மனிதர் என்றால் 'வித்' அல்லது 'அட்', விஷயம் என்றால் 'அபௌட்' அல்லது 'அட்'. 'லாஸ்ட் ஹிஸ் டெம்பர்' வந்தாலும் 'வித் மி'தான்.

'டென்ஷன் ஆயிட்டார்' என்பதை ஆங்கிலத்துக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். நமக்கு டென்ஷன் என்றால் கோபம், பதற்றம், அவசரம் எல்லாம். அவர்களுக்கு அது இறுக்கம் மட்டுமே. 'மேட்' என்றால் அமெரிக்காவில் கோபம், பிரிட்டனில் முதலில் பைத்தியம். 'மேட் அபௌட் யூ' என்று யாராவது சொன்னால் மட்டும் சண்டைக்குப் போய்விடாதீர்கள், அது காதல்.

'கீப் யுவர் டெம்பர்' என்றால் கோபத்தை வைத்துக்கொள் என்றா சொல்கிறார்கள்?

தாசில்தாருக்கு இதில் நியாயமான ஆத்திரம். 'ஹி ஹேஸ் எ டெம்பர்' என்றால் அவர் கோபக்காரர். 'ஹி லாஸ்ட் ஹிஸ் டெம்பர்' என்றாலும் கோபப்பட்டார். இருந்தாலும் கோபம், இழந்தாலும் கோபம் என்றால் எப்படி?

கொல்லன் பட்டறைக்குப் போனால் புரியும். 'டெம்பர்' என்பதன் வேர், சரியான அளவில் கலப்பது. அரிவாளைக் காய்ச்சித் தோய்த்துப் பதம் ஏற்றுகிறார்களே, அந்தப் பதத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். பதம் கெட்டால் இரும்பு ஒன்று மடங்கும், இல்லை உடையும். மனதின் பதத்தை இழப்பது 'லாஸ்ட் டெம்பர்', நிதானம் தவறுவது. நிதானத்தைக் காப்பது 'கீப் யுவர் டெம்பர்'. காலப்போக்கில் நல்ல பதம் மறைந்து கெட்ட பதம் மட்டும் அந்தச் சொல்லில் தங்கிவிட்டதால் 'ஹேஸ் எ டெம்பர்' கோபமாயிற்று.

எழுதும்போது 'லூஸ்' என்பதில் ஒரு 'ஓ' போதும். இரண்டு போட்டால் சட்டை தொளதொள.

கடைசியில் ஒரு சின்ன விஷயத்துக்கு வெடிப்பதை எப்படிச் சொல்வது?

'தி லாஸ்ட் ஸ்ட்ரா'. ஒட்டகத்தின் முதுகில் ஏற்றிக்கொண்டே போய், கடைசியாக வைத்த ஒரே ஒரு வைக்கோல் துரும்பில் முதுகு ஒடிந்தது என்ற படம். வகுப்பில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் குறளைச் சொல்லிவிடுவார்:

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.

475ஆம் குறள். மயிலிறகுதான் என்றாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். வள்ளுவர் சொன்னது கோபத்தைப் பற்றி அல்ல, வலியறிதல் அதிகாரத்தில் வருவது. ஆனால் இந்த ஆங்கிலப் பழமொழிக்கும் ஒரு பழைய வடிவம் உண்டு. அதில் ஒட்டகமும் இல்லை, துரும்பும் இல்லை: கடைசி இறகுதான் குதிரையின் முதுகை ஒடிக்கிறது. அங்கேயும் இறகு!

பிரயோகத்தில் ஒன்றைக் கவனியுங்கள். துரும்பு என்று சொன்னால் அதற்கு முன்னால் ஒரு பெரிய சுமை இருந்திருக்க வேண்டும். முதல் தடவை நடந்த தவறுக்கு 'லாஸ்ட் ஸ்ட்ரா' பொருந்தாது.

திட்டுவதற்கு?

'பைட் சம்ஒன்ஸ் ஹெட் ஆஃப்' என்றால் வள்ளென்று விழுவது. நேரம் என்ன என்று கேட்டதற்கே கடித்துக் குதறினான் என்போமே, அது.

'கிவ் எ பீஸ் ஆஃப் மை மைண்ட்' நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். மனதில் உள்ளதைப் பகிர்ந்துகொள்வது என்று நினைத்து, அலுவலகக் கூட்டத்தில் 'லெட் மி கிவ் யூ எ பீஸ் ஆஃப் மை மைண்ட்' என்று தொடங்குகிறார்கள். அதற்கு அர்த்தம் 'இரு, உன்னை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கிறேன்'. கருத்துச் சொல்ல வந்தவர் சண்டைக்கு வந்தவராகிவிடுவார்.

'ரீட் தி ரயட் ஆக்ட்' கறாரான கடைசி எச்சரிக்கை. பிரிட்டனில் 1715இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின்படி, 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால் அதிகாரி அவர்கள் முன் அறிவிப்பை உரக்க வாசிப்பார். 1 மணி நேரத்துக்குள் கலையாவிட்டால் மரண தண்டனைக்குரிய குற்றம். சட்டம் 20ஆம் நூற்றாண்டில் போய்விட்டது, வாசிப்பது மட்டும் நிற்கவில்லை. ஹாஸ்டல் வார்டன்கள் இன்றும் வாசிக்கிறார்கள்.

தவிர்க்க வேண்டியவை ஏதாவது உண்டா?

'கோ போஸ்டல்'. வேலையிடத்தில் வெறி பிடித்தாற்போல நடந்துகொள்வதற்கு அமெரிக்கர்கள் சொல்வது. பின்னணி தெரிந்தால் வாயில் வராது. 1986 ஆகஸ்ட் 20 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் எட்மண்ட் நகர அஞ்சலகத்தில் ஊழியர் ஒருவர் 14 சக ஊழியர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அதன் பிறகும் அஞ்சலகங்களில் இப்படி நடந்தது. அந்த ரத்தத்தில் இருந்து பிறந்த சொல் இது. நான் பாடமாகச் சொல்கிறேன், பயிற்சியாகத் தருவதில்லை.

'ரன் அமோக்' மலாய் மொழியின் 'அமோக்' என்ற சொல்லில் இருந்து ஆங்கிலத்துக்குப் போனது. மலேசியத் தமிழர்களுக்கு 'மெங்அமோக்' அன்றாடம் காதில் விழும் சொல். கண்மண் தெரியாமல் வெறியாட்டம் ஆடுவது அதன் பொருள். ஆங்கிலத்தில் இப்போது மிகவும் நீர்த்துப்போய், கல்யாண வீட்டில் பிள்ளைகள் அட்டகாசம் செய்வதற்குக்கூடச் சொல்கிறார்கள்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று வேறுபாடு இருக்கிறதா?

நிறைய. பிரிட்டனில் 'லூஸ் ஒன்ஸ் ராக்', 'கோ ஸ்பேர்' என்பார்கள். அமெரிக்கருக்கு இரண்டும் சட்டென்று பிடிபடாது. வளர்ந்த ஆள் சிறுபிள்ளைத்தனமாகக் கோபித்துக்கொண்டால் பிரிட்டனில் அவர் தள்ளுவண்டியில் இருந்து பொம்மைகளை வீசுகிறார்: 'த்ரோ ஒன்ஸ் டாய்ஸ் அவுட் ஆஃப் தி ப்ராம்'. ஆஸ்திரேலியாவில் 'ஸ்பிட் தி டம்மி'. அங்கே டம்மி என்றால் குழந்தை வாயில் வைக்கும் ரப்பர் சூப்பான். நம் 'டம்மி பீஸ்' இல்லை.

தமிழ்க் கோபத்தை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லலாமா?

'முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது' என்பதை எள், கொள்ளோடு பெயர்த்தால் சமையல் குறிப்பு என்று நினைப்பார்கள். 'எ ஃபேஸ் லைக் தண்டர்' அதற்கு நெருக்கம். இரண்டிலும் கோபம் வாய்க்கு வராமல் முகத்திலேயே நிற்கிறது. 'தாம்தூம் என்று குதித்தார்', 'சாமியாடிவிட்டார்' இரண்டுக்கும் 'ஹிட் தி ரூஃப்' போதும். நெற்றிக்கண்ணைத் திறந்தவருக்கு என் கையில் எதுவும் இல்லை. 'கோ பாலிஸ்டிக்' என்று ஏவுகணையை விட்டுப் பார்க்கலாம், ஆனால் சாம்பலாக்கும் அந்த ஒரு பார்வை அதில் வராது.

சரி, 'செம காண்டு ஆயிட்டேன்' என்பதற்கு?

அமெரிக்க ஆங்கிலத்தில் 'டிக்ட் ஆஃப்'. ஆனால் பிரிட்டனில் 'டிக் ஆஃப்' என்றால் ஒருவரைக் கண்டிப்பது. அதனால் நியூயார்க்கில் இருக்கும் மேலாளர் 'ஐ ஆம் டிக்ட் ஆஃப்' என்றால் அவர் செம காண்டில் இருக்கிறார். லண்டன் மேலாளர் 'ஐ வாஸ் டிக்ட் ஆஃப்' என்றால், பெரும்பாலும் அவருக்கு மேலே இருப்பவரிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.